மணி அடித்தால் உள்ளே ஓடுகிறவர்கள்

புதன்கிழமை காலைகளில் எங்கள் தேயிலை ஆலையின் தீ எச்சரிக்கை மணியை அடிப்பது என் வேலை. அடிக்கும் முன் ஒலிபெருக்கியில், "சோதனைதான், பயப்பட வேண்டாம்" என்று மலாயில் சொல்ல வேண்டும். யாரும் பயப்படப் போவதில்லை. இருந்தாலும் சொல்வேன். பிறகு சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டிகளில் ஒன்றில் சாவியைப் போட்டுத் திருப்புவேன். கட்டடம் முழுக்க மணிகள் அலறும். வாசலுக்கு உள்பக்கம் இருக்கும் பேனலுக்கு நடந்து போய், எந்த இடத்தில் திருப்பினேனோ அந்த இடத்துக்கான விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரிந்தால் மணியை நிறுத்தி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டு வருவேன். அடுத்த வாரம் வேறு பெட்டி. இதில் வீரமும் இல்லை, கலையும் இல்லை. யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தேயிலை ஆலையில் இந்த வேலை தொல்லை பிடித்தது. தூள் எங்கேயும் நிற்காமல் பறக்கும். கூரையில் இருக்கும், புகையைக் கண்டால் மணியை அடிக்கிற டிடெக்டருக்குள் போய் உட்காரும். சிலந்தி அதற்குள் கூடு கட்டும். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். இலை வாட்டும் மேல்மாடி இன்னும் மோசம். காற்று வரவேண்டும் என்று அங்கே சுவர் முழுக்கத் திறப்பு வைத்திருக்கிறார்கள். மத்தியானம் ஆனால் மலையிலிருந்து மூடுபனி இறங்கி அந்தத் திறப்புகள் வழியாக உள்ளே வந்துவிடும். டிடெக்டருக்குப் பனியும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். கத்தும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஆலையைச் சுற்றிப் பார்க்கிற சுற்றுலாக்காரர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டு, "மறுபடியுமா அண்ணே?" என்பார். பனியை நானா வரச் சொன்னேன்?

நான் இந்த எஸ்டேட்டில் பிறந்தவன். படித்தது தானா ராத்தாவில், தொழில் கற்றது ஈப்போவில், திரும்பி வந்தது இங்கே. என் மனைவி, மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று சிரம்பான் போனாள். திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. குளிர் முட்டியில் ஏறுகிறது என்றாள். நீங்களும் வந்துவிடுங்கள் என்றாள். அங்கே போய் நான் என்ன செய்வது? மருமகன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பதா? போகவில்லை. ஆகவே தனியாக இருக்கிறேன். இதற்கு யார்மேலும் பழி இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இப்போது என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் நேப்பாளத்துப் பையன்களும் வங்காளதேசத்துப் பையன்களும் இருக்கிறார்கள். நல்ல பையன்கள். பார்த்தால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. சிரித்துவிட்டு நான் உள்ளே போவேன், அவர்களும் உள்ளே போவார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. பிள்ளைகள் வேலை செய்கிற ஊருக்கு அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிவிட்டுத் தேயிலையைப் பார்க்க இங்கே வருகிறவர்கள், "எவ்வளவு அழகான இடம், நீங்க குடுத்து வச்சவங்க" என்று என்னிடம் சொல்வார்கள். பதில் வாய் வரைக்கும் வரும். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஆலைக்குள் நான் தமிழ் பேச மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அக்காதான். மேனேஜரும் தமிழர்தான், ஆனால் அவரிடம் வேலை மட்டும்தான் பேசுவேன். அக்கா தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தார். கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தவர், புருஷனை இங்கேயே புதைத்தவர். ஓய்வு வயது தாண்டியும் வருடா வருடம் கேட்டு வாங்கி வேலையில் இருந்தார். கிள்ளானில் மகன் வீடு இருந்தது. அங்கே போனால் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியே சாக வேண்டும் என்பார். ஒவ்வொரு புதன்கிழமையும் மணி நின்றதும் அந்த அறை வாசலில் அவர் தலை தெரியும்.

"என்னா தம்பி, இன்னைக்கும் ஒன் சின்ன வீடு கத்தி முடிச்சிட்டாளா?"

"சும்மா இருங்க லா அக்கா."

"பெரியவ சிரம்பான்ல இருக்கா. இவள நீ சிவப்புப் பொட்டியில வச்சித் தொடச்சித் தொடச்சிப் பாத்துக்குற. எனக்குத் தெரியாதா?"

இவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் என்னைக் கிண்டல் பண்ணினார். மற்ற நாட்களில் பத்து மணி தேநீருக்கு அவர் பக்கத்தில் உட்காருவேன். பேச்சு பெரிதாக இருக்காது. மழை, கால் வலி, யார் வீட்டில் விசேஷம். அது நின்றுபோனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நான் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. மேனேஜர் பார்க்க வைத்தார்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு ஆலைக் கூரையில் ஒரு சங்கு இருந்தது. காலையில் பெரட்டுக்கு ஊதும், அதாவது எல்லோரும் வந்து நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்ள. சாயங்காலம் வேலை விட ஊதும். வேறு எந்த நேரத்தில் ஊதினாலும் அர்த்தம் ஒன்றுதான்: ஆலையில் ஆபத்து, எல்லோரும் ஓடி வா. கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையை அப்படியே இறக்கிவிட்டு ஓடி வருவார்கள். லயத்திலிருந்து பெண்கள் வாளியோடு வருவார்கள். சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அடுப்புப் பக்கம் தீ பிடித்தது. பொம்பா, அதாவது தீயணைப்பு வண்டி, தானா ராத்தாவிலிருந்து மேலே ஏறி வருவதற்குள் எங்கள் ஆட்கள் அணைத்துவிட்டார்கள். சங்கு ஊதியும் வீட்டில் இருந்தவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் போதும், அவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

அப்புறம் சங்கைக் கழற்றிவிட்டு இந்த மணிகளை மாட்டினார்கள். வருடத்துக்கு ஒருமுறை பொம்பா அதிகாரி வந்து முன்னால் நின்று பயிற்சி நடத்துவார். மணி அடித்ததும் எல்லோரும் ஆலையை விட்டு வெளியே போய், லாரி எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் பச்சைப் பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். முதல் வருடம் மணி அடித்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியே வந்தார்கள். அதே நேரம் லயத்திலிருந்து வேலையை விட்ட கிழவர்களும் கிழவிகளும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆலையை நோக்கி ஓடி வந்தார்கள். ஒரு அம்மா கொண்டுவந்த வாளியில் ஊறப்போட்ட துணி அப்படியே கிடந்தது. அதிகாரி வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். அவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அதிகாரிக்கு வரவில்லை.

அந்த ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள், சிலர் கீழே, சிலர் சுடுகாட்டுக்கு. பழைய பழக்கத்தோடு மிஞ்சியவர் அக்கா ஒருவர்தான். போன வருடத்துக்கு முந்தின வருடப் பயிற்சியில் மணி அடித்ததும் வெளியே போனவர், சலிக்கும் இயந்திரத்தை நிறுத்தவில்லை என்று ஞாபகம் வந்து திரும்பவும் உள்ளே போய்விட்டார். அதிகாரி மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். போன வருடப் பயிற்சிக்கு முன்னால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தத் தடவையும் அவங்க உள்ள போனா, நான் வச்சிருக்க முடியாது. நீங்களே சொல்லுங்க. நெசமா தீப்பிடிச்சி அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அவங்க மகனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

கெட்டவர் என்றால் நன்றாகத் திட்டியிருப்பேன். அவர் சொன்னது சரி. சரியாகப் பேசுகிறவனிடம் கோபப்படுவதைப் போல எரிச்சல் வேறு இல்லை. "நான் பேசிப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மணி தேநீரில் அக்காவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளே போனால் வேலை போய்விடும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தொரையா சொன்னாரு?" அவருக்கு மேனேஜர் எப்போதும் துரைதான்.

"ஆமா. மணி அடிச்சா என்னா செய்வீங்க, சொல்லுங்க."

"வெளிய போவேன்."

"எங்க?"

"அந்தப் பச்சப் பலகைகிட்ட. மழையில மாடு மாதிரி நிப்பேன். போதுமா?"

"போதும். நான் சொல்ற வரைக்கும் அங்கேயே நிக்கணும்."

"அப்ப தீய யாரு அணைப்பா?"

"பொம்பா."

"பொம்பா! லீவு நாள்ல ஸ்ட்ராபெரி வாங்க வர்ற காடி எல்லாத்தையும் தாண்டி அவன் மேல வர்றதுக்குள்ள ஆலை சாம்பலாயிடும் லா."

"ஆவட்டும் அக்கா. ஆலை ஒங்க அப்பன் வீட்டு ஆலையா?"

கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி, நிக்கிறேன். நீ எங்க இருப்ப?" என்று கேட்டார்.

"நான் உள்ளதான், பேனல்கிட்ட. அதான் என் வேலை. அதிகாரி எந்த இடத்துல பொகை காட்டுறாரோ அது பேனல்ல தெரியுதான்னு காட்டணும். அவரு சொன்னாதான் மணிய நிறுத்தணும். என்னத் தேடாதீங்க."

"ஒன்ன யாரு தேடப் போறா" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போலச் சொன்னார். இயந்திரத்தின் சுவிட்ச் எங்கே, எந்தக் கதவு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒருநாள் தேநீர் நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே நின்று காட்டினார். "நல்லா நிக்கிறேனா? இல்ல இன்னும் கொஞ்சம் பொணம் மாதிரி நிக்கணுமா?" என்றார்.

பயிற்சி நாளில் பனி காலையிலேயே இறங்கிவிட்டது. அதிகாரி இளைஞர், மரியாதையாகப் பேசினார். மேல்மாடியில் நீளக் கம்பியின் நுனியில் புகை டின்னை வைத்து டிடெக்டருக்குக் கீழே காட்டினார். மணிகள் அலறின. நான் பேனல் முன்னால் நின்றேன். மேல்மாடி விளக்கு சரியாக எரிந்தது. அதிகாரி கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்று, தான் சொல்லும்வரை மணியை நிறுத்த வேண்டாம் என்றார்.

வாசல் கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது. இலை வாட்டுகிற பையன்கள், அடுப்புப் பையன்கள், பொட்டலம் கட்டும் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். கடைசியில் அக்கா வந்தார். தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகைக்கு நேர் கீழே போய் நின்றார். மண்டோர், அதாவது ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பையன், தலைகளை எண்ணினான். கையைத் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினான். எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

அக்கா மண்டோரிடம் என்னமோ கேட்டார். அவன் ஆலையைக் காட்டி என்னமோ சொன்னான். அவர் இன்னொரு முறை கேட்டார். அவன் சிரித்தான். மணி நிற்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் கையைத் தட்டி, "வராதீங்க" என்று கத்தினேன். அத்தனை மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா எடை போடும் இடத்தில் கிடந்த ஒரு சாக்கை எடுத்தார். குழாய்க்குக் கீழே நனைத்தார். தலையில் போட்டுக்கொண்டு நேரே வந்தார்.

கதவைத் தள்ளி உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். சாக்கிலிருந்து தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

"வா வெளிய."

"அக்கா, போங்க. இது பயிற்சி. நான்தான் சொன்னேனே!"

"தெரியும். மணி நிக்கவே இல்லியே. எல்லாரும் நிக்கிறானுங்க, ஒருத்தன்கூட ஒன்னக் கேக்கல தம்பி. ஆளு சரின்னு வெரலத் தூக்குறான். நீ ஆளு இல்லியா?"

அதிகாரி முன்னால் வந்தார். "மக்சிக், கெனாப்பா மாசோக் பாலேக்?" என்று கேட்டார். அம்மா, ஏன் திரும்ப உள்ளே வந்தீர்கள் என்று. கோபமாகக் கேட்கவில்லை. அக்கா என்னைக் காட்டி, "இனி ஓராங் திங்கால்" என்றார். இந்த ஆள் மிச்சம். அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு வெளியே நின்ற மேனேஜரைப் பார்த்தார். மணியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

மேனேஜர் சொன்னபடி செய்தார். அந்த மாத முடிவோடு அக்காவின் வேலை நின்றது. நான் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். என்னைத் தேடித்தானே வந்தார், சும்மா வரவில்லையே என்றேன். "அதான் அண்ணே பிரச்சினை" என்றார். "நெசமா தீயா இருந்தாலும் வந்துதான் இருப்பாங்க." மேசையை ஓங்கித் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அது ஒன்றையும் மாற்றவில்லை. கைதான் வலித்தது.

அக்கா அழவில்லை. மகன் கிள்ளானிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்தான். கட்டில், அடுப்பு, சாமிப் படங்கள் எல்லாம் ஏறின. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். "வந்திருக்கக் கூடாதுல்ல அக்கா" என்றேன். "கூடாதுதான்" என்றார். "நிக்கத்தான் நெனச்சேன். காலு கேக்கல." வேன் பனிக்குள் போனது. நான் ஆலைக்குத் திரும்பி, கழற்றி வைத்திருந்த டிடெக்டர்களைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு தேநீர் நேரத்தில் தனியாக உட்கார்ந்தேன். பையன்கள் ஒருமுறை இடம் விட்டுக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். அவர்கள் எனக்காக மலாயில் பேச முயன்றார்கள், எனக்கும் களைப்பு, அவர்களுக்கும் களைப்பு. மறுநாளிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு பேனல் பக்கமே நின்று குடித்தேன். சில புதன்கிழமைகளில் ஒலிபெருக்கியில் பேசியதைத் தவிர மாலை வரை வாயே திறந்திருக்க மாட்டேன்.

இந்த வருடப் பயிற்சியும் வந்தது. அதே அதிகாரிதான். மணி அடித்தது. எல்லோரும் வெளியே போனார்கள். அழகாக வரிசையாக நின்றார்கள். மண்டோர் எண்ணி விரலைத் தூக்கினான். அதிகாரி வேண்டுமென்றே மணியை நீள விட்டார். யாரும் அசையவில்லை. சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதைச் செய்கிறார்கள். நான் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாகுஸ்" என்று அதிகாரி என் தோளைத் தட்டினார். நன்றாக இருக்கிறதாம்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பா வந்தானா?"

"வந்தான். பாஸ்."

"எல்லாரும் பலகைகிட்ட நின்னாங்களா?"

"நின்னாங்க."

"ஒன்ன யாரு போயி கூப்புட்டா?"

"யாரும் கூப்புடல அக்கா. கூப்புடக் கூடாது. அதான் சட்டம்."

அந்தப் பக்கம் அக்கா ஒரு பிள்ளையை அதட்டினார்.

"அப்ப எப்பிடி வெளிய வந்த?"

"நடந்துதான்."

"நல்லா இருக்கு லா ஒங்க சட்டம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் மனமில்லை. அங்கே பிள்ளைகள் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவரும் வைக்கவில்லை.